தொழிலுக்கென்று தனி மென்பொருளும் அதற்கு முந்தைய திட்டமிடலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தங்கள் நிறுவனத்துக்கென்று தனியாக மென்பொருள் செய்துகொள்ள நினைப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. பதில்களில் என் சாய்வு தெரியும், அதை மறைக்க முயலவில்லை.

ரெடிமேடாகவே இத்தனை மென்பொருள்கள் கிடைக்கும்போது தனியாக எதற்கு எழுத வேண்டும்?

பெரும்பாலும் எழுத வேண்டியதில்லை. பொதுக் கணக்கு, சம்பளப் பட்டியல், வருகைப் பதிவு, மின்னஞ்சல் இவையெல்லாம் எந்த நிறுவனத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். வரி விதி மாறும்போதெல்லாம் சம்பளக் கணக்கைத் திருத்தும் வேலையை நீங்களே தலையில் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். அதையே பிழைப்பாகச் செய்பவர்களிடம் வாங்கிவிடுங்கள்.

வாடிக்கையாளர் உங்களைத் தேடி வருவதற்கு ஒரு காரணம் இருக்கும். நீங்கள் விலை போடும் விதமாக இருக்கலாம், ஒரே ஆர்டரை மூன்றாகப் பிரித்து அனுப்பும் சாமர்த்தியமாக இருக்கலாம். அந்த வேலைக்குத்தான் தனி மென்பொருள். அதை ரெடிமேட் சட்டைக்குள் திணித்தால், நாளடைவில் அதே சட்டையைப் போட்டிருக்கும் போட்டியாளரைப் போலவே நீங்களும் நடக்க ஆரம்பிப்பீர்கள்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. ரெடிமேடை வாங்கி, அதன் உள் நிரலைக் குடைந்து நமக்கேற்ப மாற்றுவது. மூன்றில் இதுதான் மோசம். விற்றவர் அடுத்த பதிப்பை வெளியிடும் நாளில் உங்கள் மாற்றங்களெல்லாம் உடையும், அல்லது பழைய பதிப்பிலேயே தேங்கிவிடுவீர்கள். செட்டிங்ஸில் மாற்ற முடிவதை மாற்றுங்கள். அதற்கு மேல் கை வைக்க வேண்டியிருந்தால், தேர்ந்தெடுத்ததே தவறு.

எங்கள் எக்செல் கோப்புகளே நன்றாக ஓடிக்கொண்டிருக்கின்றனவே?

ஓடட்டும். எக்செல்லைக் கேவலமாகப் பார்க்கும் கூட்டத்தில் நான் இல்லை. மென்பொருள் எழுதப் போகும் இடத்தில் நான் முதலில் கேட்பதே அந்தக் கோப்புகளைத்தான்.

ஒருமுறை ஒரு கொள்முதல் பிரிவில் இப்படியொரு கோப்பைத் திறந்து காட்டினார்கள். சில வரிகள் மஞ்சள், சில வெளிர் சிவப்பு. மஞ்சள் என்றால் என்ன என்று கேட்டேன். “சரக்கு வந்துடுச்சு, பில் வரலை” என்றார் கோப்பை வைத்திருந்தவர். சிவப்பு? “பில் வந்துடுச்சு, எண்ணிக்கைதான் ஒத்துப்போகலை. மாத்தித் தர்றோம்னு சொல்லியிருக்காங்க.” சரி, கீழே இரண்டு வரி ஆரஞ்சாக இருக்கிறதே? கொஞ்சம் யோசித்தார். “அது எனக்கு முன்னாடி இருந்தவர் போட்டது.”

எங்களுக்குக் கொடுத்திருந்த தேவைப் பட்டியலில் பில்லுக்கு இரண்டே நிலைகள்: வந்தது, வரவில்லை. உண்மையான தேவைகள் அந்த நிறங்களில் இருந்தன.

எக்செல்லின் எல்லை எங்கே வருகிறது என்றால், ஒரே கோப்பை நான்கு பேர் நான்கு பிரதியாக வைத்திருக்கும்போது, அல்லது ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தகவலைக் கடத்தும் குழாயாக அதைப் பயன்படுத்தும்போது. பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் 65,536 வரிகளுக்கு மேல் நிற்காது. 2020இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, ஆய்வகங்களிலிருந்து வந்த கொரோனா முடிவுகளை அந்த வடிவத்தில் ஏற்றியது. எல்லையைத் தாண்டியவை விழுந்துபோய், 15,841 தொற்றுகள் அன்றாடக் கணக்கில் சேராமல் பல நாள் கிடந்தன. எந்தத் திரையிலும் பிழைச் செய்தி வந்து யாரையும் நிறுத்தவில்லை.

என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் என்கிறார்களே, பெட்டி பெட்டியாகப் படம் வரைவதுதானே?

படம் வரைவதோடு நின்றுவிட்டால் ஆமாம், அவ்வளவுதான். தமிழில் நிறுவனக் கட்டமைப்புத் திட்டம் என்று சொல்லிக்கொள்ளலாம். வழக்கமாக நான்கு அடுக்குகளாகப் பார்ப்பார்கள்: என்னென்ன வேலைகள் நடக்கின்றன, அவற்றுக்கு என்ன தகவல்கள் வேண்டும், அந்தத் தகவல்களை எந்த மென்பொருள்கள் கையாள்கின்றன, அந்த மென்பொருள்கள் எந்த இயந்திரங்களில், எந்த வலையமைப்பில் ஓடுகின்றன.

என்னைக் கேட்டால் இதில் உயிர் இரண்டாவது அடுக்கில் இருக்கிறது. ஒவ்வொரு தகவலும் எங்கே பிறக்கிறது, அது யார் வீட்டுப் பிள்ளை? இந்த ஒரு கேள்விக்குப் பதில் இருந்தால் மற்ற மூன்று அடுக்குகளையும் சமாளித்துவிடலாம்.

வாடிக்கையாளரின் முகவரியை எடுத்துக்கொள்ளுங்கள். விற்பனைப் பிரிவிடம் ஒன்று, பில் போடுபவரிடம் ஒன்று, டெலிவரி செய்பவரின் போனில் ஒன்று. வாடிக்கையாளர் வீடு மாறியதும் டெலிவரிக்காரருக்குத்தான் முதலில் தெரிகிறது. அவர் தன் பிரதியைத் திருத்திக்கொள்கிறார், சரக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது, பில் பழைய வீட்டுக்குப் போகிறது. மூவர்மீதும் தப்பில்லை. அந்த முகவரி யாருடையது என்று யாரும் முடிவு செய்யவில்லை, அவ்வளவுதான்.

ஒரு பெரிய தாள் எடுங்கள். இடப்பக்கம் முக்கியமான தகவல்களை வரிசையாக எழுதுங்கள்: வாடிக்கையாளர், பொருள், விலை, ஆர்டர், இருப்பு, பில், ஊழியர். மேலே இப்போது ஓடும் மென்பொருள்களை எழுதுங்கள், எக்செல் கோப்புகளையும் சேர்த்து. ஒவ்வொரு கட்டத்திலும் அந்த மென்பொருள் அந்தத் தகவலை உருவாக்குகிறதா, திருத்துகிறதா, வெறுமனே படிக்கிறதா என்று குறியுங்கள். ஒரே வரியில் ‘உருவாக்கு’ இரண்டு இடத்தில் வந்தால் சிவப்பு வட்டம் போடுங்கள். பெரும்பாலான நிறுவனங்களில் ஒரு மதியப் பொழுதில் இது முடியும். அதைச் சுற்றி எழும் சண்டை முடியத்தான் சில வாரம் ஆகும், அந்தச் சண்டையும் திட்டத்தின் பகுதிதான்.

ஜக்மேன், டோகாஃப் எல்லாம் படித்திருக்க வேண்டுமா?

இரண்டும் நிறுவனக் கட்டமைப்பைத் திட்டமிட உதவும் சட்டகங்கள். பெயர்களைத் தெரிந்துவைத்திருங்கள், பயந்துவிடாதீர்கள். ஜான் ஜக்மேன் 1987இல் ஐபிஎம்மின் ஆய்விதழில் தன் கட்டச் சட்டகத்தை வெளியிட்டார். முதலில் என்ன, எப்படி, எங்கே என்ற மூன்று நெடுவரிசைகள்தான் இருந்தன. யார், எப்போது, ஏன் என்பவை 1992இல் சேர்ந்தன. டோகாஃப் 1995இல் வந்தது, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் சட்டகம் ஒன்றை அடித்தளமாகக் கொண்டு. ஓபன் குரூப் அமைப்பு அதன் பத்தாம் பதிப்பை 2022இல் வெளியிட்டது.

ஜக்மேனுடையது எதையும் விட்டுவிடவில்லையே என்று சரிபார்க்க உதவும். டோகாஃப் எந்த வரிசையில் வேலையை நகர்த்துவது என்று சொல்லும். ஐம்பது பேர் வேலை செய்யும் நிறுவனம் டோகாஃபின் எல்லா ஆவணங்களையும் தயாரிக்க உட்கார்ந்தால் ஆவணம்தான் மிஞ்சும். அதன் சொற்களை எடுத்துக்கொண்டு சடங்குகளை விட்டுவிடுவது என் வழக்கம்.

முதலில் முழுத் திட்டமா, முதலில் மென்பொருளா?

மேலே சொன்ன தாள் முதலில். அப்புறம் அதில் அதிகம் வலிக்கும் ஒரு வரியை மட்டும் எடுத்து மென்பொருள். அது ஓடும்போது தெரியவருவதை வைத்துத் தாளைத் திருத்துங்கள். முழு நிறுவனத்துக்கும் ஐந்தாண்டுத் திட்டம் போட்டுவிட்டுத்தான் முதல் வரி நிரல் என்றால், முதல் வரி எழுதும்போது திட்டம் போட்டவர் வேறு வேலைக்குப் போயிருப்பார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஓர் அமைப்பு உருவாக்கும் சிஸ்டம், அந்த அமைப்புக்குள் யார் யாரோடு பேசுகிறார்களோ அதே வடிவத்தில்தான் அமையும் என்று கணினி அறிஞர் மெல்வின் கான்வே 1968இல் எழுதினார். விற்பனையும் குடோனும் பேசிக்கொள்ளாத நிறுவனத்தில், அந்த இரண்டு மென்பொருள் பகுதிகளும் பேசிக்கொள்ளாது. அதைப் புரோகிராமரால் சரிசெய்ய முடியாது.

தேவைகளை எப்படி எழுதிக் கொடுப்பது?

‘பயனர் ஆர்டரைப் பதிவு செய்ய முடிய வேண்டும்’ என்ற மாதிரி இருநூறு வரி எழுதாதீர்கள். எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். ஒழுங்கு தப்பும் நாளில்தான் மென்பொருளின் முக்கால் பங்கு வேலை கிடக்கிறது.

100 கேட்டோம், 96 வந்தது. மீதி நான்குக்குப் புது ஆர்டரா, பழைய ஆர்டரே திறந்தே இருக்குமா? பில் நூறுக்கு வந்தால் யார் நிறுத்தி வைப்பது? 96இல் இரண்டு உடைந்திருந்தால் அவை இருப்பில் ஏறுமா? ஏறி இறங்குமா? நான்கு எப்போதுமே வராது என்று தெரிந்தபின் ஆர்டரை மூடும் அதிகாரம் யாருக்கு? இந்தக் கேள்விகளுக்குக் குடோனில் நிற்பவர் யோசிக்காமல் பதில் சொல்வார். கூட்ட அறையில் உட்கார்ந்திருப்பவர் “அப்படியெல்லாம் அடிக்கடி நடக்காதுங்க” என்பார். முதல் ஆளோடு ஒரு நாள் முழுக்க நில்லுங்கள்.

சொற்களையும் கவனியுங்கள். விற்பனையில் ‘கஸ்டமர்’ என்றால் விலை கேட்டவர்கூட கஸ்டமர். கணக்குப் பிரிவில் பணம் கட்டியவர்தான் கஸ்டமர். இரண்டையும் ஒரே டேபிளில் போட்டால் ‘நமக்கு எத்தனை கஸ்டமர்?’ என்ற கேள்விக்கு ஆயுளுக்கும் இரண்டு விடை வரும்.

அப்புறம் யாரும் எழுதாமல் விடும் இரண்டு வரிகள்: சிஸ்டம் எத்தனை நேரம் நின்றுபோனால் தாங்குவீர்கள்? எத்தனை நேரத்துப் பதிவுகள் தொலைந்தால் தாங்குவீர்கள்? ‘நிற்கவே கூடாது, தொலையவே கூடாது’ என்பது பதில் ஆகாது. பேக்கப் முதல் சர்வர் வரை செலவு இந்த இரண்டு எண்களில்தான் ஏறும் இறங்கும்.

எவ்வளவு நாள் ஆகும், எவ்வளவு செலவாகும்?

மேலே உள்ள கேள்விகளுக்கு விடை தெரியாமல் யாராவது எண் சொன்னால் அது ஊகம். மொத்தத்துக்கும் ஒரே விலை பேசி ஒப்பந்தம் போட்டால் நிம்மதி என்று தோன்றும். நடப்பது என்னவென்றால், செய்பவர் தன் பயத்தையும் விலையில் சேர்த்துவிடுவார். அதற்குப் பிறகு நீங்கள் கேட்கும் ஒவ்வொரு மாற்றமும் ‘இது ஒப்பந்தத்தில் இல்லையே’ என்ற வாக்குவாதமாகும். முதல் கட்டத்தை மட்டும் சிறியதாக, உண்மையான ஊழியர்கள் உண்மையான வேலையில் பயன்படுத்தும்படி, நிலையான விலையில் பேசுங்கள். அது முடிந்ததும் இரண்டு தரப்புக்கும் மற்றவரின் வேகம் தெரிந்துவிடும்.

தாமதமானால் ஆள் சேர்க்கச் சொல்லாதீர்கள். ஐபிஎம்மின் ஓஎஸ்/360 இயங்குதளப் பணியை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975இலேயே எழுதிவிட்டார்: தாமதமான வேலைக்கு ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும். கணக்கு எளிது. ஒவ்வொருவரும் மற்ற எல்லோருடனும் பேச, ஐந்து பேருக்குள் 10 இணைப்புகள். பத்துப் பேருக்குள் 45.

செய்து கொடுப்பவரை எப்படிச் சோதிப்பது?

வண்ணப் படங்கள் காட்டுவார்கள், பார்த்து ரசியுங்கள். அப்புறம் ஒன்று கேளுங்கள்: “பணத் தொகையை எந்த வகையில் சேமிப்பீர்கள்?” சாதாரண மிதவைப் புள்ளி எண்ணில் (பின்னங்களைத் தோராயமாக வைக்கும் வகை) 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் கணினி 0.30000000000000004 என்று சொல்லும். டெசிமல் வகை, அல்லது மிகச்சிறிய நாணய அலகில் முழு எண் என்று பதில் வந்தால் நல்லது. ‘அதையெல்லாம் பிறகு பார்த்துக்கலாம்’ என்றால் எழுந்துவிடுங்கள்.

இன்னொன்று, பேக்கப் எடுக்கிறீர்களா என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். கடைசியாக ஒரு பேக்கப்பிலிருந்து எப்போது மீட்டுப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள்.

மைக்ரோசர்வீஸ் கட்டாயமா?

மென்பொருளைத் தனித்தனியாக ஓடும் பல சிறு துண்டுகளாக எழுதுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். கட்டாயம் இல்லை. ஒரே குழு எழுதும் மென்பொருள் ஒரே துண்டாக, உள்ளே சுவர்கள் தெளிவாகப் பிரிந்து இருந்தால் போதும். இருபது துண்டாக்கினால், முன்பு ஒரு ஃபங்ஷனை (நிரலின் ஒரு சிறு பகுதியை) அழைத்த இடமெல்லாம் வலையமைப்பைத் தாண்டும் பயணமாகும். ஒவ்வொரு பயணமும் தாமதமாகலாம், பாதியில் அறுந்துபோகலாம். பல குழுக்கள் ஒருவருக்கொருவர் காத்திருக்காமல் வெளியிட வேண்டிய நிலை வந்தபின் பிரித்துக்கொள்ளலாம்.

பழைய சிஸ்டத்தை ஒரே நாளில் தூக்கிப் போட்டுவிடலாமா?

ஆசை எல்லோருக்கும் உண்டு. செய்யாதீர்கள். பனைமரத்தில் விழுந்த ஆல விதை, மெல்ல மெல்ல வேர்களை இறக்கிப் பனையைச் சுற்றி வளர்வதைப் பார்த்திருப்பீர்கள். மென்பொருள் எழுத்தாளர் மார்ட்டின் ஃபவுலர் 2004இல் இதே வகை அத்தி மரத்தின் பெயரைப் பழைய சிஸ்டத்தை மாற்றும் ஒரு வழிமுறைக்கு வைத்தார். பழைய சிஸ்டத்துக்கு முன்னால் ஒரு வாசல் வைத்து, ஒவ்வொரு வேலையாகப் புதியதற்குத் திருப்பிவிட வேண்டும். முதலில் விலைப்பட்டியல், அடுத்து ஆர்டர். பழையது ஒருநாள் யாரும் தட்டாத கதவாகிவிடும்.

இடைக்காலத்தில் இரண்டும் ஓடும், அது தொல்லைதான். அந்தத் தொல்லையைக் குறைப்பதற்கும் அதே கேள்வி: இந்த மாதம் ஆர்டர் யாருடையது, பழையதா புதியதா? இரண்டிலும் திருத்த விட்டால் கதை முடிந்தது.

பழைய டேட்டாவை மாற்றுவதில் என்ன பெரிய விஷயம்?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு நிறுவனத்தின் பழைய ஆர்டர்களை மாற்றியபோது, தேதி நாள்/மாதம் என்று இருந்ததை எங்கள் நிரல் மாதம்/நாள் என்று படித்தது. 25/04 என்பது போன்றவை உடனே பிழை காட்டின, ஏனென்றால் 25ஆம் மாதம் கிடையாது. அவற்றைக் கையால் திருத்திவிட்டு முடிந்தது என்று கிளம்பிவிட்டோம். 03/04 போன்றவை சத்தமில்லாமல் மார்ச் 4 ஆகி உள்ளே போயிருந்தன. பன்னிரண்டாம் தேதி வரையிலான ஏறக்குறைய எல்லா ஆர்டர்களும் அப்படித்தான். இரண்டு மாதம் கழித்து, நிலுவை அறிக்கையைப் பார்த்த கணக்காளர் ஒருவர்தான் கண்டுபிடித்தார்.

பிழை காட்டுபவை நண்பர்கள். ஆகவே குறைந்தது மூன்று ஒத்திகை பாருங்கள். ஒவ்வொன்றிலும் மொத்தப் பதிவுகளின் எண்ணிக்கை, மொத்தத் தொகை, மாதவாரித் தொகை மூன்றும் பழையதோடு பைசா பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். அதோடு ஊழியர்கள் நன்கறிந்த இருபது சிக்கலான கணக்குகளைத் திரையில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பெரிய இடங்களும் இதில் விழுந்திருக்கின்றன. பிரிட்டனின் டிஎஸ்பி (TSB) வங்கி 2018 ஏப்ரலில் தன் வாடிக்கையாளர் கணக்குகளைப் புதிய தளத்துக்கு மாற்றியது. டேட்டா போய்ச் சேர்ந்தது, தளம் உடனே கோளாறுகளில் சிக்கியது. இணைய வங்கியும் கிளைகளும் முடங்கின. 2022 டிசம்பரில் ஒழுங்குமுறை அமைப்புகள் அந்த வங்கிக்கு 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு அபராதம் விதித்தன.

மற்ற மென்பொருள்களோடு இணைக்க ஏபிஐ இருந்தால் போதுமா?

ஏபிஐ என்பது ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேசுவதற்கான வழி, வெறும் கம்பி. கம்பியில் என்ன ஓடுகிறது என்பதற்கு இரண்டு பக்கமும் ஒரே பொருள் கொள்ள வேண்டும். நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் 1999இல் செவ்வாயை அடைந்தபோது தொலைந்ததற்குக் காரணம், தரையில் இருந்த ஒரு மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு-விசை அலகில் கொடுக்க, மற்றொன்று அதை நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டது. தொழிலில் இதற்குச் சமமானவை: விலையில் வரி சேர்ந்ததா, அளவு பெட்டியிலா எண்ணிக்கையிலா, நேரம் எந்த மண்டலத்தில்.

அப்புறம், ஒரே செய்தி இரண்டு தடவை வரும். வந்தே தீரும். பதில் கிடைக்காமல் அனுப்பிய பக்கம் மறுபடி அனுப்பும். ஒவ்வொரு ஆர்டர் செய்தியிலும் தனி அடையாள எண் இருந்து, ‘இதை ஏற்கெனவே பார்த்துவிட்டேன்’ என்று பெறுபவர் சொல்லத் தெரிந்திருந்தால் சரக்கு இரண்டு லாரி போகாது.

சோர்ஸ் கோட் யாருக்குச் சொந்தம்?

ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதன்படி. காசு கொடுத்ததாலேயே உங்களுடையது ஆகிவிடும் என்று நினைக்காதீர்கள். பல நாடுகளின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்தில் மாற்றித் தராதவரை அது எழுதிய வெளி நிறுவனத்திடமே இருக்கும். உரிமை மாற்றத்தை எழுதி வாங்குங்கள். டொமைன், கிளவுட் கணக்கு, நிரல் சேமிப்பகம் மூன்றும் முதல் நாளிலிருந்தே உங்கள் நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும். வருடத்துக்கு ஒருமுறை, அந்த வேலையில் இல்லாத ஒருவரிடம் புதுக் கணினி ஒன்றைக் கொடுத்து, சேமிப்பகத்தில் உள்ளதை மட்டும் வைத்து மென்பொருளை ஓட வைக்கச் சொல்லுங்கள். ஓடவில்லை என்றால் உங்களிடம் இருப்பது முழு நிரல் அல்ல.

இப்போது ஏஐ தான் நிரல் எழுதிவிடுகிறதே?

எழுதுகிறது, வேகமாகவே எழுதுகிறது. நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அந்த ஆரஞ்சு வரிகளுக்கு என்ன அர்த்தம் என்று அதற்கும் தெரியாது. முகவரி விற்பனைக்கா பில்லிங்குக்கா என்று முடிவு செய்யவும் அதற்கு அதிகாரம் இல்லை. முன்பெல்லாம் தவறான முடிவு நிரலாக மாற ஆறு மாதம் பிடித்தது, நடுவில் யாராவது விழித்துக்கொள்ள வாய்ப்பிருந்தது.

மென்பொருள் தயார். ஊழியர்கள் பயன்படுத்த மறுக்கிறார்களே?

முன்பு அவர்கள் ஒரு வரியில் எழுதியதற்கு இப்போது எத்தனை கிளிக் என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் விடை அங்கேயே கிடைக்கும்.

முடிந்ததும் பராமரிப்புக்கு என்ன செய்ய வேண்டும்?

ஆள் வேண்டும், பாதுகாப்புத் திருத்தங்கள் வேண்டும், இதெல்லாம் தெரிந்ததுதான். அதிகம் பேர் மறப்பது பயன்படாத நிரலை நீக்குவதை. 2012 ஜூலை கடைசியில் அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனமான நைட் கேபிடல் புது நிரலை எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டியிருந்தது, ஒன்று விடுபட்டது. அந்த ஒன்றில் பல ஆண்டுகளாகப் பயன்படாத பழைய நிரல் கிடந்தது. அதை இயக்கும் பழைய குறியையே புது வசதிக்கும் பயன்படுத்தியிருந்தார்கள். ஆகஸ்ட் 1 அன்று சந்தை திறந்ததும் அது விழித்துக்கொண்டு ஆர்டர்களை அள்ளி வீசியது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நட்டம்.

மறப்பதில் இரண்டாவது, ஏன் இப்படிச் செய்தோம் என்று எழுதி வைப்பதை. மென்பொருள் வல்லுநர் மைக்கேல் நைகார்டு 2011இல் இதற்கு ஒரு சிறிய வடிவம் சொன்னார்: நிலைமை, முடிவு, விளைவு. ஒரு முடிவுக்கு ஒரு பக்கம், நிரலோடு சேர்த்தே வைத்துவிடுவது. எங்களுடைய ஒரு பக்கத்தில் இருப்பது இது: ‘பில் எண்ணில் இடைவெளி விழக்கூடாது என்று கணக்குப் பிரிவு சொன்னது. ஆகவே வரைவுக்கு எண் கொடுப்பதில்லை, உறுதி செய்யும்போதுதான் எண் ஏறும். விளைவு: அச்சடித்த வரைவில் எண் இருக்காது, விற்பனையில் முணுமுணுப்பார்கள்.’

முணுமுணுத்தார்கள். புதிதாக வந்த புரோகிராமர் அதைப் பிழை என்று நினைத்துச் சரிசெய்யக் கிளம்பினார். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு விட்டுவிட்டார்.